கிரனாடாவைக் கண்ட கண் மதுரையையும் கண்டது

ஸ்பெயின் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் இல்லங்களில் ஒரு பெருமூச்சு எழுகிறது. குர்துபாவின் பெரும் பள்ளிவாசல், கிரனாடாவின் அல்ஹம்ரா மாளிகை, ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு ஆட்சி, 1492 ஜனவரி 2ஆம் நாள் கடைசி மன்னர் அபூ அப்துல்லாஹ் நகரை ஒப்படைத்துவிட்டு வெளியேறிய துயரம்... நம் மேடைகளிலும் ஏடுகளிலும் இவை பலமுறை சொல்லப்பட்டுவிட்டன. அந்தப் பெருமூச்சைக் குறை கூற நான் வரவில்லை. ஆயினும் அன்பு வாசகர்களே, அந்நகரை எந்தப் பெருமூச்சுமின்றி, ஒரு வழிப்போக்கராகச் சுற்றிப் பார்த்துச் சென்ற ஒருவர் உண்டு. காரியாபட்டியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்தில் நாம் சென்றடையும் மதுரையையும் அவர் பார்த்திருக்கிறார். அவரே மொராக்கோ நாட்டின் தாஞ்ஜியர் நகரில் பிறந்த இப்னு பதூதா.

இருபத்து நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றிவிட்டு 1349இல் அவர் ஊர் திரும்பினார். அன்னை சில மாதங்களுக்கு முன் கொள்ளைநோயில் மறைந்திருந்தார். அடுத்த ஆண்டே கடல் கடந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்டார். மலாகா நகரை நோக்கிச் செல்லும் வழியில் உடன் வந்தவர்களைப் பிரிந்து தனியே செல்ல நேர்ந்தபோது, ஓரிடத்தில் குதிரையொன்று செத்துக் கிடந்தது. சற்றுத் தள்ளி ஒரு மீன்கூடை கவிழ்ந்து கிடந்தது. கடல்வழி வந்த எதிரிப் படையினர் சற்று முன்னர்தான் அவ்வழியே சென்றவர்களைத் தாக்கியிருந்தனர். ஒரு மீன்கூடையைக் கொண்டு அந்நாட்டு எல்லையின் நிலைமை முழுவதையும் அவர் நமக்குக் காட்டிவிடுகிறார். வரலாற்று ஆசிரியர்களுக்கு எளிதில் வாய்க்காத திறம் இது.

மலாகாவில் அவர் முதலில் கவனித்தது திராட்சையின் விலையை. மாதுளையின் நிறத்தையும், பொன்பூச்சுப் பெற்ற மண்பாண்டங்கள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாவதையும், பள்ளிவாசல் முற்றத்தில் உயர்ந்து நின்ற நாரத்தை மரங்களையும் குறிக்கிறார். கிரனாடாவை அடைந்ததும் அதன் அரண்மனையைக் காட்டிலும் சுற்றுப்புறத் தோட்டங்களும் ஷனீல் ஆற்றின் நீரோட்டமுமே அவரை ஆட்கொண்டன. அன்றைய ஸுல்தான் முதலாம் யூஸுஃப் நோயுற்றிருந்ததால் சந்திப்பு நிகழவில்லை. ஸுல்தானின் தாயார் பொற்காசுகள் அனுப்பினார். அவை பயன்பட்டதை மறைக்காமல் சொல்கிறார். இன்று அல்ஹம்ராவின் படம் எதிலும் இடம்பெறும் பன்னிரு சிங்கங்களின் முற்றத்தை அவர் பார்க்கவில்லை. அது பின்னர் ஐந்தாம் முஹம்மதின் காலத்தில் எழுந்தது.

அந்நகரில் அயல்நாட்டு ஃபக்கீர்கள் சிலர் குடியேறி வாழ்ந்தனர். ஸமர்கந்துக்காரர் ஒருவர், தப்ரேஸ்காரர் ஒருவர், கூனியாக்காரர் ஒருவர் என எண்ணிக்கொண்டு வரும் அவர், இந்தியாவிலிருந்து வந்தவர் இருவர் என்கிறார். தத்தம் ஊரைப் போலவே கிரனாடாவும் இருந்தமையால் அங்கேயே தங்கிவிட்டார்களாம். நம் நாட்டிலிருந்து எந்த வழியாக, எத்தனை ஆண்டுகள் நடந்து அவ்விருவரும் அங்குச் சென்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

கிரனாடாவில் ஒரு தோட்டத்தில் நண்பர்கள் கூடி இரண்டு பகலும் ஓர் இரவும் அவருடைய பயணக் கதைகளைக் கேட்டனர். கேட்டவர்களுள் இப்னு ஜுஸய் என்ற அவ்வூர் இளைஞரும் ஒருவர். பின்னர் ஃபாஸ் நகரில், மொராக்கோ ஸுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, இப்னு பதூதா சொல்லச் சொல்ல நூலை எழுதி முடித்தவரும் அவரே. 1355இல் நிறைவுற்ற அந்த நூலைத்தான் 'ரிஹ்லா' என்கிறோம். ஆக, நம் மதுரையைப் பற்றிய செய்திகளை ஏட்டில் எழுதிவைத்தது ஒரு கிரனாடாக்காரரின் எழுதுகோல்.

இப்னு பதூதா மதுரைக்கு வந்தது ஸ்பெயின் பயணத்திற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்னர். இலங்கையில் பாவா ஆதம் மலைக்குச் சென்று திரும்பும் வழியில் அவரது கப்பல் மஅபர் கரையை ஒட்டிச் சேதமுற்றது. மஅபர் என்பது நம் சோழ பாண்டியக் கடற்கரைக்கு அரபிகள் இட்ட பெயர். அப்போது மதுரையை ஆண்டவர் கியாஸுத்தீன் தாமகானி. 1335ஐ ஒட்டி தில்லியிலிருந்து பிரிந்து மதுரையில் தனியரசு அமைத்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் ஒரு மகளை தாமகானியும், மற்றொரு மகளை இப்னு பதூதாவும் மணந்திருந்தனர். எனவே மன்னரும் பயணியும் சகலைகள். அயலார் போலன்றி, சம்பந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையாகவே அவர் வந்தார்.

இனிதான் நாம் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. உறவினர், மன்னர், தம் மார்க்கத்தவர், உணவும் உடையும் தந்தவர் என்பதற்காக அவருடைய கொடுமையை இப்னு பதூதா மூடி மறைத்தாரா? இல்லை. போரில் சிக்கிய ஆண்களோடு அவர்தம் பெண்டிரையும் பிள்ளைகளையும் தாமகானி கொல்வித்ததை எழுதுகிறார். ஒரு நாள் உணவு வேளையில் ஸுல்தானுக்கு ஒருபுறம் காழியும் மறுபுறம் தாமும் அமர்ந்திருக்க, ஒரு கைதியை மனைவியோடும் ஏழு வயது மகனோடும் கொணர்ந்து நிறுத்தினர். வெட்டும் ஆணை பிறந்தபோது தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகச் சொல்கிறார். வேறொரு நாள் இன்னொருவருக்குத் தண்டனை நிறைவேற்றப்படவிருந்த நேரத்தில் எழுந்துகொண்டார். எங்கே செல்கிறீர் என்று ஸுல்தான் கேட்க, அஸர் தொழுகைக்கு என்றார். காரணத்தைப் புரிந்துகொண்ட ஸுல்தான் சிரித்தாராம். இது மிக இழிவான செயல், வேறெந்த மன்னரிடமும் காணாதது, இதன் பொருட்டே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்பது இப்னு பதூதாவின் தீர்ப்பு.

இதை எழுதியவர் பகைவர் அல்லர். மார்க்கச் சட்டம் கற்று, தில்லியில் காழியாகப் பணிபுரிந்தவர். முஸ்லிம் மன்னர் என்ற ஒன்றுக்காகவே எவரையும் போற்றிப் பாடும் வழக்கமுள்ள நம்மிடையே இந்தப் பக்கங்கள் அதிகம் படிக்கப்படாதது எனக்கு வியப்பளிக்கவில்லை.

மதுரையை அவர் 'முத்ரா' என எழுதினார். அகன்ற வீதிகளையுடைய பெருநகரம் என்றும், அஹ்ஸன் ஷா அதைத் தில்லியைப் போல் அமைத்தார் என்றும் குறிக்கிறார். ஆனால் அவர் நுழைந்த நேரம் நகரில் கொள்ளைநோய் நிலவியது. நோய் கண்டவர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாண்டனர். எட்டு வயது மகனுடன் ஒரு பெண்மணி உதவி கேட்டு வந்தார். முன்னாள் அமைச்சர் ஒருவரின் மனைவி அவர். தாயும் பிள்ளையும் நல்ல உடல்நலத்துடன் இருந்தனர். மறுநாள் அதே தாய், பிள்ளைக்குக் கஃபன் துணி கேட்டு வந்து நின்றார். நலமாக இருக்கிறாள் என்ற உறுதியின் பேரில் வாங்கிய அடிமைப் பெண் மறுநாளே இறந்ததையும் இப்னு பதூதா சொல்கிறார். அந்தப் பெண்ணின் பெயரை அவர் குறிக்கவில்லை. அக்காலத்து வழக்கம் அவருடைய கண்ணையும் சில இடங்களில் மறைத்திருந்தது. ஸுல்தானும் தாய், மனைவி, மகன் ஆகியோரை இழந்து, தாமும் மாண்டார்.

இப்னு பதூதாவுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. அவரைக் காத்தது எது தெரியுமா? நம் அடுக்களைப் புளி! அங்குப் புளி மிகுதியாகக் கிடைப்பதைக் கண்டு, ஒரு ராத்தல் அளவு எடுத்து நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு இளகிப் போய், இறையருளால் காய்ச்சல் தணிந்தது. புளிக்கு அரபியில் 'தம்ருல் ஹிந்த்', அதாவது இந்தியப் பேரீச்சை என்று பெயர். காய்ச்சல் நீங்கியபின் அவருக்கு அந்த ஊரே வெறுத்துவிட்டது. புதிய ஸுல்தான் தங்கச் சொல்லியும் கேளாமல் விடைபெற்றார்.

எங்கள் மத்ரஸாவில் மூத்த வகுப்புப் பிள்ளைகளிடம் ஒருமுறை கிரனாடா எங்கே உள்ளது என்று கேட்டேன். ஸ்பெயினில் என்று பலரும் உடனே சொன்னார்கள். 'முத்ரா' எங்கே என்றேன். ஒருவன் யமன் என்றான்; இன்னொருவன் ஈரான் என்றான். வாரந்தோறும் அங்கே போய்வரும் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள்! மருத்துவமனைக்கும் ஜவுளிக்கடைக்கும் கல்லூரிக்கும் மதுரை செல்கிறோம். வேலை முடிந்ததும் பேருந்து ஏறிவிடுகிறோம்.

இன்று கிரனாடா செல்வோர் அல்ஹம்ராவின் உள்மாளிகைகளைக் காண முன்பே நுழைவுச் சீட்டு பெற்று, குறித்த நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டும். அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை என்ற வாசகம் சுவர்தோறும் செதுக்கப்பட்டிருக்கிறது. எதிர்க்குன்றில் 2003இல் திறக்கப்பட்ட புதிய பள்ளிவாசலின் தோட்டத்திலிருந்து அந்த மாளிகை முழுவதையும் காணலாம். குர்துபாவின் பழைய பள்ளியோ 1236 முதல் தேவாலயம். அதன் தூண்களுக்கு நடுவே நின்று பார்க்கலாம், தொழ இயலாது.

மதுரையில் அந்தத் தடையில்லை. பெரியார் பேருந்து நிலையத்திற்கு அருகிலுள்ள காஜிமார் தெருவின் பெரிய பள்ளிவாசல், பாண்டியர் காலத்தில் வந்த காழி தாஜுத்தீன் அவர்களோடு தொடர்புடையதென்பது வழிவழி வந்த செய்தி. அங்கே லுஹர் தொழுதுவிட்டு, 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மஹாலுக்குச் செல்லுங்கள். அதன் வளைவுகளையும் குவிமாடங்களையும் நிமிர்ந்து பார்த்தால், தமிழ்நாட்டுக் கட்டடக் கலையோடு இஸ்லாமியக் கலை எங்கே கைகோத்தது என்பது விளங்கும். பிறகு ஏ.வி. பாலம் வழியாக வைகையைக் கடந்தால் கோரிப்பாளையம். கோர் என்றால் கப்ர். அப்பெயரே ஊருக்கு வந்தது என்பர். அங்கே அடங்கியிருக்கும் இரு ஸுல்தான்களையும் மதுரை ஸுல்தான்களின் காலத்தோடு இணைத்துச் சொல்வோர் உண்டு. முஸ்லிம்கள் மட்டுமின்றி எல்லாச் சமயத்துத் தாய்மார்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கு வருகின்றனர். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்வோர், இப்னு பதூதா மதுரையைப் பற்றி எழுதிய நாலைந்து பக்கங்களைப் புறப்படுவதற்கு முந்திய இரவே அவர்களுக்குப் படித்துக் காட்டிவிடுங்கள். அஸர் என்று சொல்லி அவர் எழுந்துகொண்ட இடத்தையும் விட்டுவிடாதீர்கள்.