முட்டைக்குள் ஒரு தனியறை

பெரிய ஹோட்டலின் முகப்புக் கூடத்தில் வாசல் கதவு ஓயாமல் திறந்து மூடிக்கொண்டிருக்கும். பெட்டிகளின் சக்கரங்கள் தரையில் உருளும். வரவேற்பு மேசையில் நாலு மொழி ஒரே நேரத்தில் ஒலிக்கும். அத்தனைக்கும் நடுவே ஒருவர் அறைச் சாவிக்காகக் காத்திருக்க வேண்டும். சுவர் வைத்துத் தடுத்தால் கூடத்தின் விசாலம் போய்விடும். தடுக்காவிட்டால் உட்கார்ந்திருப்பவருக்கு நிம்மதி இல்லை. இந்தச் சிக்கலுக்கு 1950களின் பிற்பகுதியில், டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில், விடையாகப் பிறந்தது ஒரு நாற்காலி. அதன் பெயரே 'முட்டை'.

வடிவமைத்தவர் ஆர்னே யாகப்சன் (1902–1971). தொழிலால் கட்டடக் கலைஞர். எஸ்.ஏ.எஸ். விமான நிறுவனம் கோபன்ஹேகன் மத்திய ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு ஹோட்டல் கட்டும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. 1960இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்கு 22 மாடிகள். தாழ்வான செங்கல் கட்டடங்களும் தேவாலயக் கோபுரங்களும் நிறைந்த நகரத்தில் கண்ணாடியால் போர்த்திய ஒரு நீள்சதுரப் பெட்டி எழுந்தபோது ஊரில் பலருக்குப் பிடிக்கவில்லை. யாகப்சன் கட்டடத்தோடு நிற்கவும் இல்லை. விளக்கு, திரைச்சீலை, கதவுப் பிடி, சாப்பாட்டு மேசையின் கரண்டி வரைக்கும் அவரே வரைந்தார். அந்தக் கரண்டிகளைப் பின்னாளில் ஸ்டான்லி குப்ரிக் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் விண்கலப் பயணிகளின் கையில் கொடுத்தார். படம் வந்தது 1968இல். கரண்டிகள் வரையப்பட்டு அப்போதே பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

கட்டடம் முழுக்க நேர்கோடு. அந்த நேர்கோடுகளுக்குள் வைக்கும் இருக்கையில் மட்டும் ஒரு நேர்கோடுகூட இருக்கக் கூடாது என்று அவர் முடிவு செய்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. முட்டையின் முதுகுப்புறம் தலைக்கு மேலே உயர்ந்து, இருபக்கமும் காதை ஒட்டி முன்னால் வளைகிறது. உட்கார்ந்தவருக்குப் பக்கவாட்டில் நடப்பது கண்ணில் படாது. பக்கத்துப் பேச்சின் கூர்மையான ஒலிகள் அந்த மெத்தை வளைவில் பட்டு மங்கும். முன்பக்கம் மட்டும் திறந்திருக்கும். நாற்காலி ஒற்றைக் காலில் சுழலக்கூடியது என்பதால் அந்தத் திறப்பை எந்தப் பக்கம் திருப்புவது என்பது உட்கார்ந்தவரின் விருப்பம். நண்பர் வந்தால் அவர் பக்கம் திரும்பலாம், தனிமை வேண்டுமானால் ஜன்னல் பக்கம். சுவரே இல்லாமல் ஓர் அறை கிடைத்துவிட்டது.

இதைச் செய்து முடிப்பது எளிதாக இல்லை. யாகப்சனின் முந்தைய புகழ்பெற்ற நாற்காலிகள் ஒட்டுப்பலகையால் ஆனவை. மெல்லிய மரத் தகடுகளைப் பசை தடவி அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் வளைத்துச் செய்வது ஒட்டுப்பலகை. அதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு காகிதத்தைத் தூணைச் சுற்றி ஒட்டினால் அழகாகப் படியும். அதே காகிதத்தைப் பந்தின் மேல் ஒட்டிப் பார்த்தால் சுருக்கம் விழும், இழுத்தால் கிழியும். ஒரு திசையில் வளைவது வேறு, இரண்டு திசையிலும் ஒருசேர வளைவது வேறு. பலகையும் காகிதத்தைப் போலத்தான். முட்டையோ எல்லாத் திசையிலும் வளைகிறது.

கம்பிச் சட்டத்தின் மேல் சாந்து பூசி, சிற்பி சிலை செய்வது போல யாகப்சன் உருவத்தைத் தேடினார். உருவம் கிடைத்தபின் அதை எதில் வார்ப்பது என்ற கேள்வி வந்தது. வழி காட்டியது நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த ஒரு பொருளின் குடும்பம்: தெர்மோகோல். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கின் சிறுமணிகளுக்குள் எளிதில் ஆவியாகும் ஒரு திரவத்தை அடைத்து, மணிகள் மேல் நீராவி பாய்ச்சினால் பிளாஸ்டிக் இளகும். உள்ளிருக்கும் திரவம் ஆவியாகி மணியைப் பொரி போல உப்பவைக்கும். மூடிய அச்சுக்குள் இது நடந்தால், உப்பிய மணிகள் ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டி அச்சின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். இந்த முறையில் நாற்காலி ஓடு வார்க்கும் நுட்பத்தை நார்வேக்காரரான ஹென்ரி கிளைன் உருவாக்கியிருந்தார். 1872இல் தொடங்கப்பட்ட ஃப்ரிட்ஸ் ஹான்சன் நிறுவனம் அதன் உரிமையை வாங்கி முட்டையைச் செய்தது. பின்னாளில் பாலிஸ்டைரீனின் இடத்தைக் கண்ணாடி இழையால் வலுவூட்டிய பாலியூரித்தேன் நுரை பிடித்துக்கொண்டது.

ஓடு வார்ப்பது எந்திரத்தின் வேலை. மேலே துணியோ தோலோ போர்த்துவது இன்றும் கைவேலை. இங்கே பழைய சிக்கல் மறுபடி தலைகாட்டுகிறது: தட்டையான துணி, எல்லாப் பக்கமும் வளைந்த ஓடு. ரவிக்கை தைப்பவர்கள் இதற்கு 'டாட்' பிடிப்பார்கள். முட்டையின் மேல் அங்கங்கே அப்படி மடிப்பு விழுந்தால் அதன் வழவழப்பே கெட்டுவிடும். ஆகவே நெகிழ்ந்து கொடுக்கும் கம்பளித் துணியை இழுத்து, நீவி, சுருக்கத்தை விளிம்புவரை ஓட்டிக்கொண்டுபோய் அங்கே கையால் தைக்கிறார்கள். நாற்காலியின் விலை இந்தத் தையலைப் பார்த்தால்தான் புரியும்.

இதைத் தெரிந்துகொண்டு ஸ்காண்டிநேவிய நகரங்களில் தங்க இடம் தேடும்போது, ஹோட்டல் படங்களை நாம் பார்க்கும் விதமே மாறுகிறது. வெள்ளைச் சுவர், வெளிர் மரம், மூலையில் ஒரு பெயர் பெற்ற நாற்காலி: இவை எந்த ஊரிலும் கடையில் வாங்கி அடுக்கக் கூடியவை. அந்த நாற்காலி அங்கே எதற்கு என்று கேளுங்கள். படிப்பதற்கா? அப்படியானால் பக்கத்தில் விளக்கு இருக்கிறதா? டிசம்பர் பிற்பகுதியில் கோபன்ஹேகனில் பகல் ஏழு மணி நேரம், ஸ்டாக்ஹோமில் ஆறு. மதியம் மூன்று மணிக்கே ஸ்டாக்ஹோமில் இருட்டத் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் போகிறவருக்கு அறையின் அழகு பெரும்பாலும் விளக்கின் அழகுதான். கூரை நடுவில் ஒரே ஒரு பளிச் விளக்கு உள்ள அறையை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். உட்காரும் உயரத்தில், பல்பு கண்ணை உறுத்தாதபடி மூடிய சிறு விளக்குகள் மூன்று நான்கு இருந்தால், அந்த அறையை அமைத்தவர் அந்த ஊரின் குளிர்காலத்தை அறிந்தவர். ஜூனில் போகிறவர் நேரெதிராக, வெளிச்சத்தை முழுக்க அடைக்கும் திரை உண்டா என்று பார்க்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கே சூரியன் அறைக்குள் வந்துவிடும்.

கட்டடத்தின் பழைய வாழ்க்கையையும் விசாரிப்பது நல்லது. ஸ்டாக்ஹோமின் 'எட் ஹெம்' 1910இல் வீடாகக் கட்டப்பட்டது. பெயரின் பொருளும் 'ஒரு வீடு' என்பதே. விருந்தாளிகள் சமையலறை மேசையில் உட்காரும்படி அது அமைந்திருப்பதற்கு அந்தப் பழைய வீடே காரணம். ஓஸ்லோவின் 'அமெரிக்காலின்யென்' அமெரிக்காவுக்குக் கப்பல் விட்ட நிறுவனத்தின் தலைமையகமாக இருந்த கட்டடம். இப்படிப்பட்ட இடங்களுக்கு அலங்காரம் குறைவாகவே தேவைப்படுகிறது.

யாகப்சனின் ஹோட்டல் இன்று ராடிசன் குழுமத்தின் கையில் இருக்கிறது. அறைகள் பலமுறை மாறிவிட்டன. 606ஆம் எண் அறை மட்டும் 1960இல் இருந்த தோற்றத்திலேயே காக்கப்படுகிறது. நீலமும் பச்சையும் கலந்த துணி போர்த்திய நாற்காலிகள் அதில் இருக்கின்றன. சுவரில் கருமரப் பலகை. அதில் ஒரு மூடியைத் தூக்கினால் உள்ளே கண்ணாடியும் விளக்குமாக ஓர் ஒப்பனை மேசை விரிகிறது. தலை வாரி முடித்ததும் மூடிவிட்டால் மறுபடி வெறும் சுவர்.