20 ரூபாய் கீரைக்கு 6,400 ரூபாய் முதலீடு: நான் கத்துக்கிட்ட கணக்கு

ஆடிட்டரா இருந்தும் நானே கோட்டை விட்ட ஒரு முதலீட்டைப் பத்தி இன்னைக்குப் பேசலாம். ஷேர் இல்ல, கிரிப்டோ இல்ல. தண்டுக்கீரை!

2020 ஊரடங்கில் சென்னையிலிருந்து நாகர்கோவில் வீட்டுக்கு வந்திருந்தேன். ஆன்லைனில் ஒரு மாடித்தோட்ட கிட் கண்ணில் பட்டது. 8 பை, தென்னைநார்க் கழிவு, நிழல்வலை, விதை எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். மாதத் தவணை வசதியும் இருந்துச்சு. யோசிக்காம ஆர்டர் போட்டேன்.

அம்மா பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க: "லே மக்கா, 20 ரூவா கீரைக்கு இம்புட்டு பைசாவா?"

முதல் விதைப்பை எறும்பு தூக்கிட்டுப் போச்சு. ரெண்டாவது விதைப்பு, ஜூன் மாத மழை. மூணாவதில்தான் 4 கட்டு கிடைச்சது. அதோட மதிப்பு 80 ரூபாய். போட்ட பணத்தை எடுக்க 80 அறுவடை வேணும். மாசம் ஒண்ணுன்னா 6 வருஷம் 8 மாசம்! அந்தப் பைகள் வெயிலில் அவ்வளவு நாள் தாங்கவே தாங்காது.

அம்மாவின் பாத்தி

அடுத்த முறை அம்மா கொல்லையில் 10 அடிக்கு 4 அடி பாத்தி போட்டாங்க. ஒரு சாக்கு மக்கிய சாணம் 80 ரூபாய், விதை 30 ரூபாய். மொத்தம் 110. முதல் மாசமே அதுக்கு மேல கீரை வந்துடுச்சு.

முறை சிம்பிள்தான். கீரை விதை ரொம்பச் சின்னது. அதனால் மணலோட கலந்து தூவணும், ஆழமா புதைக்கக் கூடாது. பாத்தியைச் சுத்தி கொஞ்சம் ரவை போட்டா எறும்பு அதை எடுத்துட்டு விதையை விட்டுடும். பூவாளியில் மெதுவா தண்ணி விடணும். 25 நாளில் பறிக்கலாம்.

நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. மழைக்காலத்தில் சிவப்புக் கீரையில் இலைப்புள்ளி நோய் சீக்கிரம் வரும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பச்சை ரகமான கோ 1 இதை நல்லாத் தாங்கும். நாங்க ரெண்டையும் கலந்து போடுறோம். முதலீட்டில் இதைத்தானே டைவர்சிஃபிகேஷன்னு சொல்றோம்!

பாத்தியை ரெண்டாப் பிரிச்சு 15 நாள் இடைவெளியில் விதைப்பாங்க. ஒரே நாளில் எல்லாம் முத்திப் போகாது, கீரை வந்துக்கிட்டே இருக்கும்.

சரி, எவ்வளவு மிச்சம்?

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. விளைஞ்சதை எல்லாம் லாபம்னு எழுதக் கூடாது. நாங்க வடசேரி கனகமூலம் சந்தையில் வாங்கினது வாரம் 2 கட்டு. அதுதான் கணக்கு. கூடுதலா விளையுறது பக்கத்து வீட்டுக்குப் போகும், சந்தோஷம்தான், ஆனா அது சேமிப்பு இல்ல.

- வருஷத்துக்கு 104 கட்டு × 20 = 2,080 ரூபாய்
- மழையில் ரெண்டு மாசம் போனா, கழிவு 340
- சாணம், விதை செலவு 300
- மிச்சம் 1,440. அதாவது மாசம் 120 ரூபாய்

மாசம் 120-ஐ எஸ்.ஐ.பி.-யில் போட்டு, 12% வளர்ச்சின்னு வச்சுக்கிட்டா (இது அனுமானம்தான், உத்தரவாதம் இல்ல) 20 வருஷத்தில் சுமார் 1.2 லட்சம். அதே கணக்கில், நான் கிட்டுக்குக் கொடுத்த 6,400 சுமார் 62,000 ஆகியிருக்கும். ஒரு அவசர கிளிக்கோட விலை அது!

ஆனா ஒரு விஷயம். அந்த 120 ரூபாய் ஒண்ணாந்தேதி தனியா போகணும். போகலேன்னா அது டீக்கடையிலயோ ஃபுட் ஆப்லயோ கரைஞ்சிடும். செலவு குறைஞ்சா மட்டும் சேமிப்பு ஆகாது, எடுத்து வச்சாத்தான் சேமிப்பு.

வரி உண்டா?

வீட்டுக்குச் சாப்பிட்டா எதுவும் இல்ல. நிலத்தில் விளைவிச்சு வித்தா, விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. ஆனா நிகர விவசாய வருமானம் வருஷத்துக்கு 5,000-ஐத் தாண்டினா, உங்க சம்பளத்துக்கான வரி விகிதத்தைக் கணக்கிட அதையும் சேர்ப்பாங்க. ரிட்டர்னில் மறைக்காம காட்டிடுங்க.

வேலையை விட்டுட்டு கீரை போடச் சொல்லல. எந்தப் புது ஆர்வமா இருந்தாலும், முதல்ல 110 ரூபாயில் ஆரம்பிங்க. மூணு மாசம் தாக்குப்பிடிச்சா அப்புறம் பெருசா வாங்கலாம்.

அந்த 8 பையில் ரெண்டு இன்னும் மாடியில் கிடக்கு. அம்மா அதில் கறிவேப்பிலை வச்சிருக்காங்க. கீரைத் துவரனுக்குத் தாளிக்க ஆகுமாம்!