நிலமும் பொழுதும் எரிபொருளும்: திருகோணமலை மாரியில் ஹைபிரிட் கார்

எரிபொருட் சிக்கனம் பற்றிப் பேசும் கைந்நூல்கள் ‘குளிர்காலம்’ என்று குறிப்பிடும்பொழுது பனி உறைந்த வீதிகளையே கருத்திற் கொள்கின்றன. திருகோணமலையில் அத்தகைய குளிர்காலம் இல்லை. மார்கழி நள்ளிரவிலும் இங்கு வெப்பநிலை இருபது பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆயினும் எமக்கும் ஒரு மாரி உண்டு. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி தொடக்கம் தை வரை கொண்டுவரும் மழையே இம்மாவட்டத்தின் ஆண்டு மழையிற் பெரும்பங்கு. அம்மாதங்களில் ஹைபிரிட் கார் வைத்திருப்போர் ‘வண்டி முன்போல ஓடவில்லை, பெற்றோல் குடிக்கிறது’ என்று முறையிடுவது வழக்கம். இம்முறையீட்டின் காரணங்களை ஆராய்ந்து, பரிகாரங்களுள் எவை பயன் தருவன, எவை வெறும் நம்பிக்கைகள் என வேறுபடுத்திக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய மாணவர் கூடும் ஓர் அவையில் இப்பொருளை எடுத்துக்கொள்வதற்கு நியாயம் உண்டு. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். அவ்விரண்டையும் நீக்கிவிட்டு ஓர் அகப்பாடலுக்குப் பொருள் காண முற்படுவோர் இடர்ப்படுவர். லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்று அச்சிடப்படும் எண்ணும் அத்தகையதே. அது இயந்திரத்தின் நிலையான குணம் போலத் தோற்றமளிக்கிறது. உண்மையில் அது குறித்த ஒரு நிலத்தில், குறித்த ஒரு பொழுதில், குறித்த ஒரு பாவனையில் பெறப்பட்ட விளைவாகும்.

1. எண் பிறந்த இடம்

ரொயோட்டா நிறுவனத்தின் பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதே நிறுவனத்தின் சிறிய காரான அக்குவா 2011 டிசம்பரில் வெளிவந்தது. இவ்விரண்டும், ஹொண்டா, சுசுக்கி நிறுவனங்களின் ஹைபிரிட் கார்களும் பெருந்தொகையாக இலங்கையை வந்தடைந்தன. இவற்றுட் பல ஜப்பானிற் சில காலம் ஓடியபின் இங்கு விற்கப்பட்டவை.

அக்குவா வெளிவந்தபொழுது அதற்குக் குறிக்கப்பட்ட அளவு லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர். ஜே.சி. 08 என்னும் ஜப்பானியப் பரிசோதனை முறையில் இது பெறப்பட்டது. அப்பரிசோதனை ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தூரத்தை, மணிக்குச் சராசரி 24 கிலோமீற்றர் வேகத்தில், கூடத்தினுள் சுழலும் உருளைகளின்மீது ஓடி முடிப்பது. அங்கு மழை இல்லை; குளிரூட்டி இயங்குவதில்லை. ஏறத்தாழ இதே கார் ஐக்கிய அமெரிக்காவிற் பிரியஸ் சி என்ற பெயரில் விற்கப்பட்டது. அந்நாட்டுச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் 2012 ஆம் ஆண்டு மாதிரிக்குக் குறித்த கூட்டுச் சராசரியோ கலனுக்கு 50 மைல். அதாவது லீற்றருக்கு 21 கிலோமீற்றரளவே. விரைவான ஓட்டம், 35 பாகை வெப்பத்திற் குளிரூட்டியுடன் ஓட்டம், பூச்சியத்துக்கு 7 பாகை கீழான குளிரில் ஓட்டம் ஆகியவற்றையும் அம்முறை கணக்கிற் கொள்கிறது.

ஒரே இயந்திரத்துக்கு 35 உம் 21 உம் கிடைத்தமை கவனிக்கத்தக்கது. இரண்டிலும் பொய்யில்லை, நிலமும் பொழுதும் பாவனையும் வேறு. ஆகவே, விற்பனைத் தாளிற் கண்ட 35ஐ எதிர்பார்த்து உட்துறைமுக வீதியிற் கார் ஓட்டுபவர் 20ஐப் பெற்றால், கார் பழுதடைந்துவிட்டது என அவர் முடிவுசெய்ய வேண்டியதில்லை.

2. இயந்திரத்தின் தன்மை

ஹைபிரிட் காரில் ஒரு பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் மின்கலத்தொகுதியும் இணைந்து தொழிற்படுகின்றன. வெளியிலிருந்து மின்னேற்றப்படாத சாதாரண ஹைபிரிட் காரைப் பொறுத்தவரை ஓர் உண்மையை மறந்துவிடலாகாது. மின்கலத்திலுள்ள சக்தி முழுவதும் இறுதியிற் பெற்றோலிலிருந்தே வந்தது. சிக்கனம் மூன்று வழிகளாற் கிடைக்கிறது. முதலாவது, வண்டியைத் தடுக்கும்பொழுது வீணாகும் சக்தியின் ஒரு பகுதி மின்னாக மீட்கப்படுகிறது. இரண்டாவது, தேவையற்ற வேளைகளில் எஞ்சின் நின்றுவிடுகிறது. மூன்றாவது, மோட்டாரின் துணை இருப்பதால், வலு குறைந்ததாயினும் வினைத்திறன் மிக்க ஒரு சுழற்சி முறையில் எஞ்சினை இயக்க முடிகிறது. பிரித்தானியரான ஜேம்ஸ் அற்கின்சன் 1880 களில் வகுத்த சுழற்சியின் இன்றைய வடிவமே அது.

இவற்றுள் இரண்டாவதே பருவகாலத்தால் அதிகம் பாதிக்கப்படுவது. எஞ்சினும் புகைக்குழாயிலுள்ள ஊக்கியும் போதிய வெப்பமடையும்வரை கட்டுப்பாட்டுக் கணினி எஞ்சினை நிற்க விடாது. கடுங்குளிர் நாடுகளில் நிலைமை மேலும் மோசமாகிறது. காரினுள் இருப்போருக்கு வேண்டிய வெப்பத்தையும் பெரும்பாலும் எஞ்சினே வழங்குவதால், வீதி விளக்கில் நிற்கும்பொழுதும் அது இயங்குகிறது. குளிரில் மின்கலத்தின் அகத்தடை உயர்வதால் மீட்கப்படும் மின்னும் குறைகிறது. வெப்பநிலை 25 பாகையிலிருந்து −7 பாகைக்கு இறங்கும்பொழுது, நகர ஓட்டத்திற் சாதாரண பெற்றோல் காரின் சிக்கனம் ஏறத்தாழ 15 சதவீதத்தாலும் ஹைபிரிட் காரின் சிக்கனம் 30 முதல் 34 சதவீதத்தாலும் குறைகின்றன என்பது ஐக்கிய அமெரிக்கச் சக்தித் திணைக்களத்தின் கணிப்பு. றொறன்ரோவில் வாழும் எம் உறவினர் சனவரியில் தம் கார்களைப் பற்றி எழுதும் முறைப்பாடு இவ்வகையில் நியாயமானதே.

3. எமது மாரியின் வேலை

திருகோணமலையில் மேற்கூறிய குளிர் இல்லை. எனவே 30 சதவீத இழப்புக்கும் இடமில்லை. இங்கு நிகழும் இழப்புக்கு வேறு காரணங்கள் உள.

முதலாவது, குறும்பயணம். மழை பெய்தால், நடந்தும் சைக்கிளிலும் செல்லும் தூரங்களுக்கும் கார் எடுக்கப்படுகிறது. பாடசாலைக்கு ஒருமுறை, சந்தைக்கு ஒருமுறை, மாலையில் வகுப்புக்கு ஒருமுறை என இரண்டு மூன்று கிலோமீற்றர்ப் பயணங்கள் பெருகுகின்றன. எஞ்சின் ஆறிவிட்ட ஒவ்வொரு தடவையும் அதனை மீளச் சூடாக்கும் செலவைப் புதிதாகச் செலுத்த வேண்டியுள்ளது. 25 பாகையிற் புறப்படும் எஞ்சினுக்கு இச்செலவு சிறிது. ஆயின் பயணமும் சிறிதாகையால் அதன் விகிதம் பெரிது.

இரண்டாவது, கண்ணாடியிற் படியும் புகார். மாரி ஓட்டத்தில் மிகுதியாகக் கவனிக்கப்படாத இழப்பு இதுவே. முன்கண்ணாடி மங்கியதும் பலர் புகார் நீக்கும் பொத்தானை அழுத்தி, வெப்பநிலைத் திருகியையும் உச்சத்துக்குத் திருப்புகின்றனர். பொத்தானால் குளிரூட்டி இயங்கத் தொடங்குகிறது. திருகி எஞ்சினிடம் வெந்நீர் கேட்கிறது. கேட்ட வெப்பத்தைக் கொடுப்பதற்காக எஞ்சின் நில்லாது ஓடுகிறது. இவ்வாறு, குளிரே இல்லாத ஊரில் றொறன்ரோவின் குளிர்காலத்தை நாமே காரினுள் உருவாக்கிக்கொள்கிறோம்.

மூன்றாவது, நீர் தேங்கிய வீதி. டயர் தன் வழியிலுள்ள நீரை விலக்கிக்கொண்டே உருள வேண்டும். அதற்கும் சக்தி வேண்டும். நான்காவது, டயரின் காற்று. வெப்பநிலை ஏறத்தாழ 5 பாகை குறைந்தாற் சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் அமுக்கம் குறையும். எமது கோடைக்கும் மாரிக்கும் இடையே இது சிறு மாற்றமே. ஆயினும் வாரக்கணக்கிற் பார்க்கப்படாத டயரிலிருந்து காற்றுத் தானாகவும் கசிகிறது. இரண்டும் சேரும்பொழுது குறை பெரிதாகிறது.

4. செய்யத்தக்கன

பயணங்களை ஒன்றுசேர்த்தல் முதன்மையானது. பிரிந்த மூன்று பயணங்களை ஒரே சுற்றாக்கினால் எஞ்சினைச் சூடாக்கும் செலவு ஒருமுறையுடன் முடிகிறது. கிண்ணியாவுக்கோ சீனன்குடாவுக்கோ போக வேண்டியிருப்பின், நீண்ட பயணத்தை முதலில் முடித்து, எஞ்சின் சூடாக இருக்கையிலேயே நகர்ச் சில்லறை வேலைகளைப் பார்த்தல் நன்று. காலையில் வண்டியை நிறுத்திவைத்துச் சூடேற்றுவதாற் பயனில்லை; புறப்பட்டு மெதுவாக ஓட்டுவதே எஞ்சினை விரைவிற் சூடாக்கும்.

புகாரை நீக்குவது வெப்பமன்று, உலர்ந்த காற்றே. வெப்பநிலையை 25 பாகையளவில் வைத்து, உட்காற்றையே சுழற்றும் அமைப்பை நீக்கி வெளிக்காற்றை உள்ளே விட்டு, குளிரூட்டியைச் சில நிமிடம் இயக்கினாற் கண்ணாடி தெளியும். தெளிந்தபின் புகார் நீக்கியை நிறுத்திவிடலாம். கண்ணாடியின் உட்புற அழுக்கைத் துடைத்து வைப்பதும் ஈரமான குடை, மிதியடி ஆகியவற்றை உலரவிடுவதும் புகாரைக் குறைக்கும். பார்வை தெளியாத நிலையிற் சிக்கனம் கருதி இவற்றை நிறுத்துவது மட்டும் ஆகாது.

டயர்களின் காற்றை மாதம் இருமுறையேனும், வண்டி ஓடிச் சூடாகுமுன், சாரதிப் பக்கக் கதவருகே ஒட்டப்பட்டுள்ள அளவுக்கு நிரப்புதல் வேண்டும். நான்கு டயர்களிலும் ஓர் இறாத்தல் குறைந்தால் இழப்பு 0.2 சதவீதம் மாத்திரமே. எனினும் ஈரவீதியிற் பிடிமானத்துக்கும் இது அவசியம்.

ஓட்டும் முறையிற் சில நம்பிக்கைகள் திருத்தப்பட வேண்டியவை. மின்னிலேயே ஓட்டினாற் பெற்றோல் மிஞ்சும் எனக் கருதி, சமதரையில் ஆமைவேகத்தில் மின்கலத்தை வற்றவிடுவது பயனற்றது. வற்றிய மின்கலத்தை எஞ்சின் மீள நிரப்ப வேண்டும். பெற்றோல் மின்னாகி மீண்டும் இயக்கமாகும் ஒவ்வொரு படியிலும் ஒரு பகுதி இழக்கப்படுகிறது. நியாயமான வேகத்தை எஞ்சினால் அடைந்து, பின் மிதியைத் தளர்த்தி உருளவிடுவதே மேல். நெரிசலில் ‘என்’ நிலைக்கு மாற்றுவதும் தவறு. அந்நிலையில் மின்கலம் மின்னேறாது. ‘பி’ நிலை நீண்ட இறக்கங்களுக்கு உரியது. கந்தளாய் வரையுள்ள சமவெளியில் அதற்கு வேலையில்லை. தடுப்பை முன்கூட்டியே மெல்ல அழுத்தினால் மீட்கப்படும் சக்தி அதிகம். இறுதிக் கணத்தில் இறுக அழுத்தினால் அது தடுப்புக்கட்டைகளில் வெப்பமாகக் கழிந்துவிடும்.

அக்குவாவில் மின்கலத்தொகுதி பின்னாசனத்தின் கீழ் உள்ளது. ஆசனத்தருகேயுள்ள துவாரத்தின் வழி காரின் உட்காற்றை இழுத்தே அது தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. மணலும் தூசியும் அத்துவாரத்தின் வலையை அடைப்பது கடற்கரையூரில் இயல்பு. பொதிகளால் அதனை மூடாமலும் வலையைக் காலத்துக்குக் காலம் துப்புரவு செய்தும் வருவது மின்கலத்தின் ஆயுளைக் காக்கும். வெள்ளம் ஓடும் வீதியிற் காரை இறக்குவது எவ்வித சிக்கனத்தாலும் ஈடுசெய்ய முடியாத நட்டத்தைத் தரலாம்.

இம்முயற்சிகளின் பயனை அளவுமானியின் திரையை மட்டும் நம்பி மதிப்பிடலாகாது. தாங்கியை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மீண்டும் நிரப்பும்பொழுது கொண்ட லீற்றர்களால் அத்தூரத்தை வகுப்பதே உரிய முறை. கோடையிலும் மாரியிலும் தனித்தனியே குறிப்பெழுதி வந்தால், தம் காருக்குரிய உண்மையான எண்ணை ஒருவர் தாமே கண்டுகொள்வர்.

5. சிக்கனத்தின் எல்லை

இவ்வெண்ணின் பெறுமதியை 2022 ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டு ஜூன் இறுதியிற் சாதாரண பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபாவாயிற்று. ஜூலை 10 வரை எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என அறிவிக்கப்பட்டது. அதன்பின் வந்த தேசிய எரிபொருள் அனுமதி முறையிற் காருக்கு வாரம் 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 எனத் தொடக்கத்தில் ஒதுக்கப்பட்டன. 2023 செப்ரெம்பரில் அம்முறை நிறுத்தப்பட்டது. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் கார் 20 லீற்றரில் 300 கிலோமீற்றர் செல்லும். 20 ஓடுவது 400 செல்லும். வாடகைக் காரோட்டிப் பிழைப்பவருக்கு அந்த 100 கிலோமீற்றர் வீட்டுக்கு அரிசி.

ஆயினும் இங்கு ஒரு முரண்பாட்டைக் காணாதிருக்க முடியாது. பெற்றோலுக்கு வரிசைகள் நீண்டிருந்த அதே மாவட்டத்தில், சீனன்குடாவில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளத்தக்க 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 1930 களில் பிரித்தானியர் தம் கடற்படையின் தேவைக்காக அவற்றை அமைத்தனர். துறைமுகத்தைச் சூழ வாழ்ந்தோரின் தேவை அத்திட்டத்தில் இடம்பெறவில்லை. 2003 இல் அவை இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கம்பனியிடம் குத்தகைக்குச் சென்றன. எனினும் கீழ்த்தொகுதியின் சில தாங்கிகளே பயன்பாட்டுக்கு வந்தன. 2022 சனவரி உடன்படிக்கையின்படி 14 தாங்கிகள் அக்கம்பனிக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இருவரின் கூட்டுக் கம்பனிக்கும் எனப் பிரிக்கப்பட்டன. சில மாதங்களில் வந்த தட்டுப்பாட்டில், தாங்கிகளின் அண்மையால் இவ்வூரார் வரிசையிலிருந்து தப்பவில்லை. எண்ணெயை வாங்க நாட்டிடம் வெளிநாட்டுச் செலாவணி இருக்கவில்லை என்பதே காரணம்.

எனவே, எரிபொருட் சிக்கனத்தைத் தனிமனிதரின் ஒழுக்கமாக மட்டும் போதிப்பது உண்மையின் ஒரு பாதியையே கூறுவதாகும். பாடசாலைக்கு நேரத்துக்கு வரும் பேருந்தும், மழையிலும் நடக்கத்தக்க நடைபாதையும், நீர் வடியும் வீதியும் இருப்பின், மேலே முதலாவதாகவும் மூன்றாவதாகவும் கூறிய இழப்புகள் பெருமளவு இல்லாதொழியும். அவற்றை எந்தச் சாரதியும் தன் மிதியால் உண்டாக்க முடியாது. பிரதேச சபைகளிடமும் நகராட்சியிடமும் போக்குவரத்துச் சபையிடமும் கேட்டுப் பெறவேண்டியவை அவை. அவை கிடைக்கும்வரை, டயரின் காற்றும் கண்ணாடியின் புகாரும் எமது கையிலுள்ளன. இவ்விரு வேலைகளையும் ஒருங்கே செய்வதே அறிவுடைமை.