மேகாலயக் காட்டுக்கு எத்தனை எசமான்கள்?

நீலகிரி மாவட்டம் கூடலூரில் மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்கக் கோரி, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு கூடலூரோடு நிற்கவில்லை. 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால உத்தரவு நாடு முழுவதையும் பிடித்துக்கொண்டது. நிலம் யார் பெயரில் இருந்தாலும் காடு காடுதான், ஒப்புதல் பெற்ற திட்டம் இல்லாமல் மரம் வெட்டக் கூடாது, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போகவும் தடை. நம் மலையில் கிளம்பிய அந்த வழக்கின் அடி பலமாக விழுந்த இடங்களில் ஒன்று மேகாலயா. ஏனென்றால் அங்கே காட்டில் பெரும்பகுதி அரசாங்கத்தின் சொத்தே அல்ல.

ரேஞ்சரையும் செக்போஸ்ட்டையும் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிய ஏற்பாடு. மேகாலயாவின் 22,429 சதுர கிலோமீட்டரில் ஏறக்குறைய முக்கால் பங்கு காடு. அதில் மாநில வனத்துறையின் நேரடிக் கையில் இருப்பது நூற்றுக்குப் பத்துகூட இல்லை. மற்றதெல்லாம் குலங்களுக்கும் ஊர்களுக்கும் தனி ஆட்களுக்கும் சொந்தம். அரசியல் நிர்ணய சபையின் கோபிநாத் பர்தோலாய் குழு செய்த பரிந்துரையில் உருவான ஆறாவது அட்டவணை, ரிசர்வ் காடுகள் நீங்கலாக மற்றவற்றை நிர்வகிக்கச் சட்டமியற்றும் அதிகாரத்தைத் தன்னாட்சி மாவட்ட கவுன்சில்களுக்குக் கொடுத்தது. காசி, ஜைந்தியா, காரோ என்று மூன்று மலைகளுக்கு இன்று மூன்று கவுன்சில்கள். காசி-ஜைந்தியா மலைகளுக்கான வனச் சட்டம் 1958இலேயே வந்துவிட்டது.

அந்தச் சட்டம் காட்டைப் புதிதாகப் பங்கு போடவில்லை. மக்கள் ஏற்கெனவே வைத்திருந்த வகைகளைத்தான் எழுதிக்கொண்டது. லா கிந்தாங் என்பது தெய்வத்தின் காடு. லா அடோங், ஊரின் தேவைக்காக மூடிவைக்கப்பட்டது. லா ஷ்னோங், ஊர்க்காடு. ரி கிந்தி நிலத்திலுள்ள காடு குலத்துக்கோ குடும்பத்துக்கோ சொந்தம். ஷில்லாங்கிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் மாஃப்லாங் கோயிற்காட்டிலிருந்து ஓர் இலையைக்கூட வெளியே எடுத்துப்போகக் கூடாது என்பது ஊர்க்கட்டு. அந்தக் கட்டுப்பாட்டுக்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. வெட்டுமரத்துக்கும் பிற வனப்பொருளுக்கும் வசூலிக்கும் ராயல்டி கவுன்சிலின் வருமானங்களில் ஒன்று. மரத்தைக் காக்க வேண்டியதும் அதுவே, மரம் சாய்ந்தால் கல்லாப்பெட்டி நிறைவதும் அதற்கே. இப்படி அமைத்துவிட்டு அங்கிருந்து கண்டிப்பை எதிர்பார்ப்பது அப்பாவித்தனம். 1996 உத்தரவு இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது உண்மைதான். ஆனால் காண்டிராக்டரையும், மகள் வீடு கட்ட நாலு மரம் வளர்த்து வைத்திருந்த குடும்பத்தையும் அது ஒரே தராசில் வைத்தது. மரத்தை விற்க வழியில்லாத நிலத்தில் உடையவர் வேறு வரும்படி தேடுவார். சரிவுகளில் துடைப்பப்புல் ஏறியது. நம் வீட்டு மூலையில் நிற்கும் பூந்துடைப்பம் பலவும் அந்த மலைகளிலிருந்து வருவதுதான். புல்லாவது மண்ணைப் பிடித்து வைக்கும். நிலக்கரிக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் தோண்டிய இடத்தில் அதுவும் இல்லை.

நோங்த்ராய் வழக்கைப் பாருங்கள். வங்கதேசத்தின் சாத்தக்கில் உள்ள சிமென்ட் ஆலைக்கு, காசி மலையின் தென்சரிவிலிருந்து 17 கிலோமீட்டர் கன்வேயர் பெல்ட்டில் சுண்ணாம்புக்கல் போகிறது. லஃபார்ஜ் நிறுவனத்தின் திட்டம் அது. நிலம் நோங்த்ராய் ஊர் தர்பாருடையது, அதாவது ஊர்ச்சபையுடையது; தர்பார் சம்மதித்தது. சுரங்க இடம் காடல்ல என்று மாவட்ட கவுன்சில் 1997இல் எழுதிக் கொடுத்தது. ஏறக்குறைய பத்து ஆண்டு கழித்து மத்திய வன அதிகாரி வந்து பார்த்து, இது காடு என்றார். உச்ச நீதிமன்றம் 2011 ஜூலையில் சுரங்கத்துக்கான திருத்திய அனுமதியை ஏற்றுக்கொண்டது. ஊர்மக்களின் சம்மதமும் அந்தத் தீர்ப்பில் எடைபோடப்பட்டது. எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. காட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போட்டவர் யார் என்பதுதான் கேள்வி.

அளவுகோலிலும் குழப்பம். கவுன்சிலின் 1958 சட்டப்படி ஏக்கருக்கு 25 மரம் இருந்தால் காடு, அதாவது ஹெக்டேருக்குச் சுமார் 62. மாநில அரசு 2012இல் கொண்டுவந்த வரையறை 4 ஹெக்டேர் தொடர்ச்சியான நிலத்தையும், ஹெக்டேருக்கு 250க்கு மேல் இயற்கையாக வளர்ந்த மரங்களையும் கேட்கிறது. கணக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு உயர்ந்துவிட்டது. சிறு தோப்புகளும் பாதி வெட்டிய சரிவுகளும் காட்டுக் கணக்கிலிருந்து நழுவ இதைவிடச் சுலபமான வழி இல்லை.

அரசும் கவுன்சிலும் சறுக்கின என்பதற்காகத் தர்பாரைத் தூக்கிக் கொண்டாடவும் எனக்கு மனமில்லை. காசி மக்களிடையே பூர்விகச் சொத்து கடைசி மகளுக்குப் போகிறது. ஆனால் மரபான தர்பாரில் பெண்ணுக்கு இடமில்லை. பொது நிலத்தைத் தனியார் நிலமாக்கிச் செல்வாக்குள்ளவர்கள் சுருட்டிக்கொண்டதும் இந்தத் தர்பார்களின் கண்முன்தான் நடந்தது. இருந்தும், ஊர்கள் ஒன்றுகூடியபோது வேலை நடந்திருக்கிறது. மாஃப்லாங்கைச் சுற்றியுள்ள 10 ஹிமாக்கள், அதாவது பழைய குறுநில ஆட்சிகள், 2011 முதல் ஒரே கூட்டமைப்பாக நின்று, காட்டுத்தீயைத் தடுத்து, மொட்டையான சரிவுகளைத் தானே தளிர்க்க விட்டு, கார்பன் சந்தையில் அதற்குப் பணமும் பெற்றன. காட்டை நிற்க வைத்தால் காசு என்ற ஏற்பாடு அது.

கவுன்சில்களுக்கும் அப்படியொரு வழி வேண்டும். நிதிக்குழுவின் பரிந்துரைப்படி அவற்றுக்குப் பணம் கிடைக்க 125ஆவது அரசியல் சாசனத் திருத்த மசோதா வகை செய்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் மன்றங்களுக்கும், அவற்றில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கும் அதில் வகை உண்டு, ஆனால் மேகாலயாவுக்கு மட்டும் இந்த இரண்டிலிருந்தும் இப்போதைக்கு விலக்கு. 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அறிமுகமான அந்த மசோதா, ஆண்டுகள் ஓடியும் சட்டமாகவில்லை.