ராத்திரி எத்தனை டிகிரி? பந்தயம் கட்டுறாங்க பாஸ்!

கிரிக்கெட் மேட்சுக்குப் பந்தயம் கட்டுவாங்க, தெரியும். எலெக்‌ஷன் ரிசல்ட்டுக்கும் கட்டுவாங்க, அதுவும் தெரியும். ‘நாளைக்கு நியூயார்க்குல மினிமம் டெம்பரேச்சர் 73 டிகிரியா, 75 டிகிரியா?’ன்னு பந்தயம் கட்டுறாங்கன்னா நம்புவீங்களா? நம்பித்தான் ஆகணும். அமெரிக்காவுல இதுக்குன்னே சந்தை இருக்கு. பேரு, ‘ப்ரெடிக்‌ஷன் மார்க்கெட்’. தமிழ்ல சொன்னா, கணிப்புச் சந்தை!

இந்த ஐடியாவுக்கு ஒரு காலேஜ் கனெக்‌ஷனும் உண்டு. 1988-ல அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அமெரிக்க அதிபர் தேர்தலை வெச்சு, ஆராய்ச்சிக்காகச் சின்னதா ஒரு சந்தையை ஆரம்பிச்சாங்க. பிறகு எம்.ஐ.டி-யில் படிச்ச தாரெக் மன்சூர், லுவானா லோபஸ் லாரா என்ற இருவர் 2018-ல் ‘கால்ஷி’ என்ற கம்பெனியைத் தொடங்கினாங்க. 2020-ல் அமெரிக்க அரசின் முன்பேர வர்த்தக ஆணையம் அனுமதி கொடுக்க, 2021-ல் வியாபாரம் ஆரம்பம். அங்கே விக்கிற பல சரக்குகளில் வானிலையும் ஒண்ணு.

எப்படி நடக்குது?

ரொம்ப சிம்பிள். ‘நாளைய மினிமம் 73 அல்லது 74 டிகிரி ஃபாரன்ஹீட்’ என்ற சீட்டின் விலை 35 சென்ட்டுன்னு வெச்சுக்குவோம். நீங்க சொன்னது பலிச்சா, கைக்கு 1 டாலர். 65 சென்ட் லாபம். பலிக்கலையா? 35 சென்ட் கோவிந்தா! விலை 35 சென்ட்டுன்னா, ‘இது நடக்க சுமார் 35 சதவிகித வாய்ப்பு’ன்னு கூட்டம் நினைக்குதுன்னு அர்த்தம். ஒருத்தர் ஜெயிக்கிற ஒவ்வொரு சென்ட்டும் எதிர்ப்பக்கம் நிக்கிற இன்னொருத்தர் பாக்கெட்டுல இருந்துதான் வரணும். நடுவுல சந்தைக்காரருக்கு கமிஷன் தனி.

பகல் ஈஸி, ராத்திரி கஷ்டம்!

மினிமம் டெம்பரேச்சரைக் கணிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. சூரியன் மறைஞ்சதும் தரை தன் சூட்டை வானத்துக்குத் திருப்பி அனுப்ப ஆரம்பிக்கும். வானம் தெளிவா, காத்து அசையாம இருந்தா, வெப்பம் சர்ருன்னு இறங்கும். பொதுவா விடியலை ஒட்டித்தான் அடிமட்டத்தைத் தொடும். மேகம் வந்துட்டா கம்பளி போர்த்தின மாதிரி. சூடு வெளியே போகாது. காத்துல ஈரப்பதம் அதிகமா இருந்தா, ஒரு கட்டத்துல பனித்துளி உருவாக ஆரம்பிக்கும். அப்போ வெளிவர்ற வெப்பம், இறங்குற வேகத்துக்கு பிரேக் போட்டுடும்.

இதுல நகரம் வேற தன் பங்குக்கு விளையாடும். பகல் முழுக்க வெயிலைக் குடிச்ச கான்கிரீட்டும் தாரும் ராத்திரி பூரா அதைக் கக்கிக்கிட்டே இருக்கும். நியூயார்க்கின் அதிகாரபூர்வ தெர்மாமீட்டர் இருக்கிறது சென்ட்ரல் பார்க்கில், பெல்வெடியர் கோட்டை பக்கத்துல, மரங்களுக்கு நடுவுல. அதே ஊரின் லகார்டியா ஏர்போர்ட்டில் கோடை இரவு பெரும்பாலும் இதைவிடச் சூடு. செல்போன் ஆப்ல ஏதோ ஒரு நம்பரைப் பார்த்துட்டுப் பணம் கட்டினா அவ்வளவுதான். தீர்ப்பு சொல்றது அமெரிக்க தேசிய வானிலை சேவை வெளியிடும் தினசரி அறிக்கை மட்டுமே.

இன்னொரு பொறியும் உண்டு. ‘மினிமம்’னா அந்த ராத்திரியோட மினிமம் இல்லை, அந்த நாளோட மினிமம். விடியற்காலை 74-ல நின்னுடுச்சு, ஜெயிச்சாச்சுன்னு நினைப்பீங்க. ராத்திரி 10 மணிக்கு இடி, மழை! தெர்மாமீட்டர் 69-க்கு இறங்கிடும். கணக்குல ஏறுறது அந்த 69-தான். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சாலும், வானிலைக்காரங்க பழைய நேரத்தையே பிடிச்சுக்குவாங்க. அதனால அங்கே வானிலை ‘நாள்’ முடியறதே ராத்திரி 1 மணிக்கு!

சும்மா விளையாட்டா?

இல்லை. சிகாகோவின் பெரிய வணிகச் சந்தையில் 1999 முதலே வானிலை ஒப்பந்தங்கள் கைமாறுது. கோடைக்கான கணக்கு இப்படி: அன்றைய மேக்ஸிமம், மினிமம் ரெண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, 65-ஐக் கழிக்கணும். மேக்ஸிமம் 92, மினிமம் 76-ன்னா சராசரி 84, மிச்சம் 19. இந்த எண் ஏற ஏற, ஏ.சி. ஓடும், கரன்ட் தேவை எகிறும். மின்சாரக் கம்பெனிகள் நஷ்டத்துக்குக் காப்பீடு மாதிரி இதைப் பயன்படுத்துறாங்க. கவனிச்சீங்களா, பாதிக் கணக்கு ராத்திரியோடது!

உயிர்க்கணக்கும் ராத்திரியில்தான் இருக்கு. பகல்ல வெந்த உடம்பு இரவுல ஆறணும். ஆறலைன்னா இதயம் தாங்காது. 1995 ஜூலையில் சிகாகோவை வெப்ப அலை தாக்கினப்போ, ராத்திரியிலும் சூடு இறங்கலை. 700-க்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. தனியா வசிச்ச வயசானவங்கதான் அதிகம். 2023 ஜூலையில் ஃபீனிக்ஸ் நகரத்தில் தொடர்ந்து 16 நாள் மினிமம் டெம்பரேச்சரே 90 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகலை. அதாவது 32 டிகிரி செல்சியஸ்! அந்த ஊர் இருக்கும் மரிகோபா மாவட்டத்தில் அந்த வருஷம் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர்.

ஒருத்தருக்கு 65 சென்ட் லாபம் தர்ற அதே ஒரு டிகிரி, ஏ.சி. இல்லாத அறையில் படுத்திருக்கும் பாட்டிக்கு விடியுமா விடியாதாங்கிற கேள்வி. பந்தயத்தால் வெயில் கூடவும் போறதில்லை, குறையவும் போறதில்லை. ஆனா இத்தனை புத்தி செலவாகுற அந்த நம்பரில் கொஞ்சமாவது அக்கறையும் செலவாகணுமே!

நாமும் இறங்கலாமா?

கூடவே கூடாது. 2025 ஆகஸ்ட்டில் நிறைவேறிய மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் சட்டம், இணையத்தில் பணம் வெச்சு ஆடும் ஆட்டங்களுக்குத் தடை போட்டிருக்கு. சட்டத்தை விடுங்க. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது யாரு? வானிலை மாடல்கள் ஒவ்வொண்ணும் அப்டேட் ஆன நிமிஷமே தானா விலை சொல்ற புரோகிராம் எழுதி வெச்சிருக்கிறவங்க. அவங்களோட மோதி, ஹாஸ்டல் ஃபீஸை இழக்கணுமா?

காசே இல்லாம இந்த ஆட்டத்தை ஆட வழி இருக்கு. 1950-ல அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த கிளென் பிரையர் ஒரு மதிப்பெண் முறை கண்டுபிடிச்சார். ‘நாளைக்கு நுங்கம்பாக்கத்தில் மினிமம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டும்’ என்பதற்கு நீங்க 70 சதவிகிதம் வாய்ப்பு கொடுத்து, தாண்டிடுச்சுன்னா, 1-ல் 0.7 போக 0.3. அதைப் பெருக்கினா 0.09. இதுதான் உங்க மார்க். 90 சதவிகிதம்னு அடிச்சு விட்டு, தாண்டலைன்னா 0.81! மார்க் குறையக் குறைய நீங்க கெட்டிக்காரர். அரைகுறையா தெரிஞ்சுக்கிட்டு அலட்டினா, குட்டு சுளீர்னு விழும்.

நாலு ஃப்ரெண்ட்ஸ், ஒரு நோட்டு போதும். ராத்திரி ஆளுக்கொரு சதவிகிதம் எழுதுங்க. காலையில் வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் பார்த்து மார்க் போடுங்க. ஒரு மாசத்துல மேகம், காத்து, ஈரப்பதம் எல்லாம் பாடப்புத்தகத்தைவிட நல்லாப் புரியும். மினிமம் எகிறும்னு தோணுற ராத்திரிகளில், பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு ஒரு சொம்பு தண்ணி கொடுத்து, ‘ஜன்னலைத் திறந்து வெச்சுக்குங்க தாத்தா’ன்னு சொல்லிட்டும் வாங்க!