வித்தும் நிலமும்

கொசு கடித்த இடம் தடித்துச் சிவந்து அரிப்பது ஏன் என மாணவர் வினவுவதுண்டு. தோலில் வாழும் மாஸ்ட் உயிரணுவே அதற்குப் பெருங்காரணம். ஹிஸ்டமின் முதலிய பொருள்களை மணிமணியாகத் தன்னுள் சேர்த்து வைத்து, உற்ற வேளையில் அது வெளியே கொட்டுகிறது. 1878-இல் இதனைச் சாயமேற்றிக் கண்ட ஜெர்மானிய அறிஞர் பவுல் எர்லிக், உண்டு கொழுத்தது என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

இவ்வுயிரணுவின் பிறப்பிடம் யாது? முதிர்ந்த நிலையில் இது குருதியில் உலவுவதில்லை, உறுப்புகளிலேயே தங்கியிருக்கிறது. எனவே இருக்குமிடமே பிறப்பிடம் எனக் கருதினோர் பலர்.

1977-இல் ஜப்பான் நாட்டு அறிஞர் யுகிஹிக்கோ கித்தமுராவும் அவர்தம் குழுவினரும் இதனை ஆராய்ந்தனர். சுண்டெலி இனம் ஒன்றில் இம்மணிகள் இயல்பினும் மிகப் பெரியவை. அதன் எலும்பு மஜ்ஜையை, கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பெற்ற வேறோர் எலிக்குச் செலுத்தினர். நாளடைவில் அவ்வெலியின் உறுப்புகளில் பெருமணி கொண்ட மாஸ்ட் உயிரணுக்கள் தோன்றின. இயற்கையே இட்ட அடையாளம் உண்மையைக் காட்டிற்று.

மறு ஆண்டு, பிறவியிலேயே இவ்வுயிரணு அருகிய எலிகளை எடுத்துக்கொண்டனர். இயல்பான எலியின் தோலில் நூறு இருக்குமெனில், இவற்றில் ஒன்றுகூட இராது. நல்ல மஜ்ஜையைச் செலுத்தியதும் மாஸ்ட் உயிரணுக்கள் பெருகின. ஆயினும், இதே குறையுடைய மற்றோர் எலி இனத்தில் நல்ல மஜ்ஜையும் பயன் தரவில்லை. வியப்பு யாதெனில், அந்த எலியின் மஜ்ஜை முதல் இனத்து எலியில் நன்கு பயன்பட்டது!

முன்னதில் குறை வித்தில். பின்னதில் குறை நிலத்தில். நல்ல கன்றாயினும் சத்தற்ற மண்ணில் தழைக்காது என்பதைத் தோட்டத்து மக்கள் அறிவர். உறுப்புகள் தரும் ஒரு புரதமும், அதனை ஏற்க உயிரணுவில் அமைந்த ஏற்பியும் பொருந்தினாலன்றி மாஸ்ட் உயிரணு வளராது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இத்துடன் ஆய்வு முடிந்ததா? இல்லை. கருவில் தோன்றும் முதல் மாஸ்ட் உயிரணுக்கள் மஞ்சட்கருப் பையிலிருந்து வருகின்றன என்றும், வளர்ந்த எலியின் தோலில் இவை பெரும்பாலும் மஜ்ஜையை எதிர்பாராது தாமே பெருகி நிலைக்கின்றன என்றும் 2018-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அப்படியாயின் முன்னைய ஆய்வு பிழையா? அன்று. காலியான நிலத்தில் மஜ்ஜையின் வித்து முளைக்கும் என்பதையே அது காட்டிற்று. எந்நாளும் அவ்வாறே முளைக்கிறது என்பதையன்று.

'ஆகக்கூடும்' என்பது வேறு, 'ஆகிறது' என்பது வேறு. இவ்வேறுபாட்டை மாணவர் உள்ளத்தில் பதிப்பது ஆசிரியராகிய நம் கடன்.