உங்களுக்குத் தெரியுமா? – தானே அடங்கும் குட்டி அணு உலைகள்

● உலகின் முதல் அணு உலை சிகாகோ பைல்-1. 1942 டிசம்பர் 2 காலை, சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே, தொடர்வினையை நிறுத்தும் ஒரு பாதுகாப்புத் தண்டு தடாலென்று உள்ளே விழுந்தது. பயப்பட ஒன்றுமில்லை; தானியங்கிக்கு வைத்த எல்லை அளவு ரொம்பக் குறைவு, அவ்வளவுதான். என்ரிகோ ஃபெர்மி அலட்டிக்கொள்ளாமல் எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிட்டார். பிற்பகலில் உலை ஓடியது.

● யுரேனியம்-235 பிளக்கும்போது வரும் நியூட்ரான்களில் சுமார் 0.65 சதவீதம் மட்டும் தாமதமாக வரும். சில, ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளும். இந்தச் சோம்பேறிகள் இல்லாவிட்டால், எந்தக் கணினியாலும் உலையை அடக்க முடியாது.

● செவ்வாயில் உலை வைத்தால், அங்கிருந்து சிக்னல் பூமிக்கு வரவே 3 முதல் 22 நிமிடம். ‘கேட்டுச் சொல்கிறோம்’ என்பதெல்லாம் நடக்காது; உலை தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் 2018 மார்ச்சில் ‘கிரஸ்டி’ என்ற குட்டி உலையைச் சோதித்தார்கள். (பெயர், ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் கோமாளியுடையது. விஞ்ஞானிகளுக்கும் குறும்பு உண்டு!) நியூட்ரான்களைத் திருப்பி அனுப்பும் பெரிலியம் ஆக்சைடு வளையத்தை யுரேனியக் கட்டியைச் சுற்றி மெல்ல உயர்த்தினால் உலை உயிர்பெறும். கட்டி சூடேறினால் விரியும், விரிந்தால் நியூட்ரான்கள் வெளியே கசியும், பிளவு குறையும், சூடு தணியும். 28 மணி நேர ஓட்டத்தில் பொறியாளர்கள் வேண்டுமென்றே வம்பு செய்தார்கள்: உலையின் வெப்பத்தில் ஓடும் ஸ்டர்லிங் எஞ்சினை நிறுத்தினார்கள், வெப்பம் வெளியேறுவதைக் குறைத்தார்கள். வளையத்தை யாரும் தொடவில்லை. உலை தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டு, பழைய வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே நின்றது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு வேலையே வைக்காத கட்டுப்பாடு இது.

● கிரஸ்டி சோதனைக்கு முன் ஒத்திகையும் நடந்தது. தொடர்வினைக்கு உதவாத, செறிவு நீக்கிய யுரேனியத்தில் அதே வடிவில் கட்டி வார்த்து, மின்சாரத்தில் சூடேற்றிப் பார்த்தார்கள்.

● இண்டியானாவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1962 முதல் ஒரு சிறு ஆய்வு உலை இருக்கிறது. அதன் வெற்றிடக் குழாய்களைக் கழற்றிவிட்டு, 2019இல் முழுக்க டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாற்றினார்கள். அமெரிக்காவில் அப்படி மாற உரிமம் பெற்ற முதல் உலை அதுதான். கைபேசி காலத்தில் இவ்வளவு தாமதமா என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. ஓர் உலைக்கு நாலு பாதுகாப்புக் கருவி இருந்து, நாலிலும் ஒரே நிரல் ஓடினால், அதிலுள்ள ஒரே பிழை நாலையும் ஒரே நேரத்தில் படுக்கவைத்துவிடும். அதனால்தான் நியூஸ்கேல் நிறுவனத்தின் சிற்றுலை வடிவமைப்பில், பாதுகாப்பு அமைப்பை இரு பிரிவாக்கி, இரண்டுக்கும் வெவ்வேறு தொழில்நுட்பச் சில்லுகள் வைத்திருக்கிறார்கள்.